மதத்தை விட்டுப் போனவங்களுக்கு என்ன நடந்துச்சு? இந்த வரலாற்றை ஏமாறாம படிக்கறது எப்படி

எந்த மதம் சகிப்புத்தன்மை உள்ளது, எது இல்லைங்கற சண்டை முடியவே முடியாது, ஏன்னா ரெண்டு பக்கமும் கையில உண்மையான சம்பவங்களே இருக்கு. ஒருத்தர் அசோகரைக் காட்டுவாரு, இன்னொருத்தர் ஸ்பெயின் இன்குவிசிஷனை (கத்தோலிக்க சர்ச்சோட மத விசாரணை அமைப்பு) காட்டுவாரு, அடுத்தவர் அக்பரைக் கொண்டு வருவாரு, உடனே பதிலுக்கு ஔரங்கசீப் வருவாரு. எல்லாமே நடந்ததுதான். ஆனா அவங்கவங்க வசதிக்குப் பொறுக்கி எடுத்த சம்பவத்தை வச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. கேள்வியை மாத்திக் கேட்டா பதில் தெளிவா வருது, பல நேரம் நமக்குப் பிடிக்காத பதிலாவும் வருது. எப்படிக் கேக்கணும், எதைத் தேடணும், எங்க கவனமா இருக்கணும்னு எழுதறேன். இதுல உசுரை விட்டவங்க நிறைய பேர், அதனால யாருக்கும் வக்காலத்து வாங்காம படிக்கறதுதான் அவங்களுக்கு நாம செய்யற குறைஞ்சபட்ச மரியாதைன்னு நான் நம்பறேன்.

வெளிய போற வாசலைப் பாருங்க

ஒரு ராஜ்யம் அடுத்த மதத்துக்காரங்களை எப்படி நடத்துச்சுங்கறது ஒரு கேள்வி. தன் சொந்த மதத்துல இருந்து ஒருத்தர் வெளிய போனா அவரை என்ன பண்ணுச்சுங்கறது வேற கேள்வி. இந்த ரெண்டையும் குழப்பறதாலதான் பாதி சண்டை வருது. ஒரே ராஜ்யம் முதல் கேள்வியில நல்ல மார்க் வாங்கும், ரெண்டாவதுல படுதோல்வி அடையும்.

இஸ்தான்புல்லத் தலைநகரா வச்ச துருக்கியோட ஒட்டோமான் பேரரசை எடுத்துக்கோங்க. 1492-ல ஸ்பெயின் யூதர்களை விரட்டினப்போ அவங்கள்ல ஏகப்பட்ட பேரை ஏத்துக்கிட்டது ஒட்டோமான்தான். கிறிஸ்தவங்க, யூதர்கள் எல்லாரும் தங்களோட மதத் தலைவருக்குக் கீழ, தங்களோட கல்யாணச் சட்டம் சொத்துச் சட்டத்தோட வாழ்ந்தாங்க, கூடுதல் வரி கட்டணும், சில விஷயத்துல ரெண்டாந்தர நிலைதான், ஆனாலும் அதே காலத்து ஐரோப்பாவோட ஒப்பிட்டா பெரிய விஷயம். அதே ராஜ்யத்துல ஒரு முஸ்லிம் இஸ்லாமை விட்டுப் போனா மரண தண்டனை. 1843-ல இஸ்தான்புல்ல ஒரு ஆர்மீனியர், கிறிஸ்தவரா இருந்து முஸ்லிமா மாறி திரும்பவும் கிறிஸ்தவத்துக்கே போனதுக்காக தலை வெட்டப்பட்டாரு. அதுக்கப்புறம் பிரிட்டன் தூதர் கொடுத்த அழுத்தத்துல 1844-ல சுல்தான் அப்துல்மெஜித் இனிமே இந்த மாதிரி கொலைத் தண்டனை நடக்காம பாத்துக்கறேன்னு வாக்கு கொடுத்தாரு.

கிறிஸ்தவப் பக்கம் பாத்தாலும் இதே தர்க்கம்தான். இது ரொம்ப பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 633-ல ஸ்பெயின்ல டொலேடோ நகரத்துல பிஷப்புகளோட நாலாவது சபைக் கூட்டம் நடந்துச்சு. அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி சிசெபுட்ங்கற ராஜா யூதர்களை வலுக்கட்டாயமா ஞானஸ்நானம் வாங்க வச்சிருந்தாரு. அந்தக் கூட்டம் என்ன முடிவு பண்ணுச்சுன்னா, இனிமே யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனா ஏற்கனவே கட்டாயத்துல ஞானஸ்நானம் வாங்கினவங்க கிறிஸ்தவங்களாவே இருந்தாகணும். அதாவது நடந்தது தப்புன்னு அவங்களே ஒத்துக்கறாங்க, ஆனா அந்தத் தப்புல மாட்டினவரை வெளிய விட மாட்டேங்கறாங்க. 13-ம் நூற்றாண்டுல கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதையே தத்துவமா எழுதறாரு: நம்பிக்கை இல்லாதவரை உள்ள வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, ஆனா வந்தவரை இருக்கச் சொல்லி வற்புறுத்தலாம், ஏன்னா சத்தியம் பண்றது அவரவர் இஷ்டம், பண்ணின சத்தியத்தைக் காப்பாத்தறது கட்டாயம். குழந்தையில ஞானஸ்நானம் வாங்கின ஒருத்தர் எந்த சத்தியத்தை எப்ப பண்ணாருங்கற கேள்விக்கு அந்த தர்க்கத்துல சரியான பதில் இல்ல.

அதனால எந்த ராஜ்யத்தைப் பத்திப் படிச்சாலும் ரெண்டு நோட்டு போடுங்க. ஒண்ணு அடுத்தவங்களை நடத்தின விதம், இன்னொண்ணு வெளிய போனவங்களை நடத்தின விதம். ரெண்டாவது நோட்டுதான் உண்மையைச் சொல்லும்.

குற்றத்தோட பேரைப் பிரிச்சுப் பாருங்க

மதத்தின் பேரால கொல்லப்பட்டவங்க எல்லாரையும் மதம் மாறினதுக்காகக் கொன்னாங்கன்னு ஒரே கூடையில போடறது பெரிய தப்பு. குறைஞ்சது நாலு தனித்தனிக் குற்றச்சாட்டு இருக்கு: மதத்தை விட்டுப் போறது, மதத்துக்குள்ளயே இருந்துக்கிட்டு தப்பான கொள்கை பேசறது, தெய்வத்தை நிந்திக்கறது, ராஜத் துரோகம். 1553 அக்டோபர் 27-ல ஜெனீவாவுல உயிரோட எரிக்கப்பட்ட மைக்கேல் செர்வேட்டஸ் கிறிஸ்தவத்தை விட்டுப் போகவே இல்ல, தந்தை, மகன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற திரித்துவக் கொள்கையையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்தாரு, அவ்வளவுதான். 1697-ல எடின்பரோவுல தூக்குல போட்ட தாமஸ் எய்கன்ஹெட் இருபது வயசு மாணவர், அவர் மேல இருந்தது நிந்தனைக் கேஸ். 385-ல ட்ரியர் நகரத்துல கொல்லப்பட்ட பிரிசில்லியன் ஒரு பிஷப், சண்டை முழுக்க கொள்கையைப் பத்தினதுதான், ஆனா தண்டனை கொடுத்தப்போ சூனியம் பண்ணினாருன்னு எழுதினாங்க.

ஏன் இதைப் பிரிக்கணும்னா, குற்றச்சாட்டோட பேருதான் அந்த அரசு எதுக்குப் பயந்துச்சுன்னு காட்டும். இஸ்லாமிய வரலாறுல 632-33-ல நடந்த ரித்தா போர்களை எடுத்துக்கோங்க. நபிகள் இறந்த உடனே பல அரபுக் கோத்திரங்கள் மதீனாவோட இருந்த உறவை முறிச்சுக்கிட்டாங்க, சிலர் தனி நபின்னு சொல்லிக்கிட்டவங்க பின்னாடி போனாங்க, சிலர் தொழுகை எல்லாம் ஒத்துக்கிட்டு ஸகாத்தை (கட்டாய தர்மம்) மட்டும் மதீனாவுக்குக் கொடுக்க மாட்டோம்னு சொன்னாங்க. கலீஃபா அபூபக்கர் எல்லார் மேலயும் போர் தொடுத்தாரு. இது மதத்தை விட்டதுக்கான தண்டனையா, அரசை விட்டு விலகினதுக்கான போரா? பல அறிஞர்கள் இன்னைக்கு வரைக்கும் இதை வாதாடறாங்க. ரெண்டும் பின்னிக்கிடந்த காலம் அது, கத்தி வச்ச மாதிரி வெட்டிப் பிரிக்க முடியாது, ஆனா பின்னிக்கிடந்துச்சுங்கறதை மறக்காம படிக்கணும்.

சட்டத்துல இருந்ததும் தெருவுல நடந்ததும்

சட்டப் புத்தகத்துல ஒரு தண்டனை எழுதியிருந்தா அது தினமும் நடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, எழுதாத இடத்துல ஒண்ணுமே நடக்கலன்னும் அர்த்தம் இல்ல. சன்னி இஸ்லாத்தோட நாலு சட்டப் பள்ளிகளுமே மதம் விட்ட ஆணுக்கு மரண தண்டனைன்னுதான் எழுதினாங்க, இதை மழுப்ப வேண்டியதில்ல. ஆனா உள்ள போய்ப் பாருங்க: ஹனஃபி பள்ளி பெண்ணைக் கொல்லக் கூடாது, திரும்பி வர்ற வரைக்கும் சிறையில வைக்கணும்னு சொல்லுது. பெரும்பாலான அறிஞர்கள் மனசு மாற மூணு நாள் அவகாசம் கொடுக்கணும்னாங்க. இப்ராஹீம் அன்-நகஈ, சுஃப்யான் அத்-தவ்ரி மாதிரி பழைய காலத்து அறிஞர்கள் அந்த அவகாசத்துக்கு முடிவே கிடையாதுன்னு சொன்னதா பதிவு இருக்கு, அதாவது கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும், கொல்லக் கூடாது. குர்ஆன்ல 2:256-ல மார்க்கத்துல கட்டாயம் இல்லைன்னு இருக்கறதும், மார்க்கத்தை மாத்தினவரைக் கொல்லுங்கன்னு புகாரி தொகுப்புல ஹதீஸ் (நபிகள் சொன்னதா வர்ற பதிவு) இருக்கறதும், ரெண்டுமே அந்த மரபுக்குள்ள இருக்கற விஷயம். ஒண்ணை மட்டும் எடுத்து வீசறவங்க யாரா இருந்தாலும் பாதி உண்மைதான் சொல்றாங்க.

சட்டம் தெருவுக்கு வந்தா எப்படி இருக்கும்னு கிட்டத்துல பாக்கணும்னா ரோம் பேரரசர் டேசியஸ் காலத்தைப் பாருங்க. 250 வாக்குல அவர் ஒரு உத்தரவு போட்டாரு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்கணும், கொடுத்ததுக்கு சர்டிஃபிகேட் வாங்கணும். அந்த சர்டிஃபிகேட்ல நாற்பதுக்கும் மேல எகிப்து மணல்ல பாப்பிரஸ் தாள்ல அப்படியே கிடைச்சிருக்கு. எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்: பலியை மேற்பார்வை பண்ற கமிட்டிக்கு இந்த ஊர்க்காரர் எழுதிக்கறது, நான் எப்பவுமே தெய்வங்களுக்குப் பலி கொடுத்து வந்தேன், இப்பவும் உங்க முன்னாடி உத்தரவுப்படி பலி கொடுத்து, மது ஊத்தி, பலிப் பொருளைச் சாப்பிட்டேன், இதுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. கீழ அதிகாரிங்க கையெழுத்து, தேதி. ஒரு மனுஷனோட நம்பிக்கையை ரேஷன் அட்டை மாதிரி ஒரு தாள்ல முடிச்சிருக்காங்க. பயத்துல பலி கொடுத்த கிறிஸ்தவங்க உண்டு, பலி கொடுக்காமலே லஞ்சம் கொடுத்து சர்டிஃபிகேட் மட்டும் வாங்கினவங்களும் உண்டு.

அந்த அலை ஓஞ்சதும் இவங்களை என்ன பண்றதுன்னு சர்ச்சுக்குள்ள பெரிய தகராறு. விழுந்தவங்களைத் திரும்பச் சேத்துக்கவே கூடாதுன்னு ரோமுல நோவேஷியன்ங்கற பாதிரியார் தனியா பிரிஞ்சாரு, கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் தவம் பண்ணினா சேத்துக்கலாம், தாள் மட்டும் வாங்கினவரையும் நிஜமாவே பலி கொடுத்தவரையும் ஒண்ணா நடத்தக் கூடாதுன்னாரு. இதுல நான் கவனிக்கச் சொல்றது, அன்னைக்கு சர்ச்சுகிட்ட இருந்த ஒரே தண்டனை சேத்துக்காம ஒதுக்கி வைக்கறதுதான், கத்தி அரசாங்கத்துகிட்ட இருந்துச்சு. 313-ல கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எல்லாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம்னு அறிவிச்சாங்க, 380-ல தியோடோசியஸ் ஒரே கிறிஸ்தவக் கொள்கைதான் அரசு மதம்னாரு. நடுவுல 67 வருஷம். துன்பப்பட்டவங்க கைக்கு அதிகாரம் வந்து, அவங்களே தண்டிக்கறவங்களா மாற அவ்வளவு காலம் போதுமா இருந்துச்சு.

மரண தண்டனையை மட்டும் தேடாதீங்க

இந்த விஷயத்துல நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது இதுதான், ஆனா இதைத்தான் யாரும் பேசறதில்ல. மதத்தை விட்டவங்களுக்கு வரலாறு முழுக்க அதிகமா கிடைச்ச தண்டனை தூக்கோ தீயோ இல்ல. சொத்து, கல்யாணம், பிள்ளைங்க, உறவு, இந்த நாலுலதான் கை வச்சாங்க. 381-ல தியோடோசியஸ் போட்ட சட்டம், கிறிஸ்தவத்துல இருந்து பழைய தெய்வ வழிபாட்டுக்குப் போனவங்க உயில் எழுதற உரிமையை இழப்பாங்கன்னு சொல்லுது. கேக்க சின்னதா இருக்கும், ஆனா ரோம் சமூகத்துல உயில் எழுத முடியாத மனுஷன் பாதி செத்த மனுஷன் மாதிரிதான், தன் பிள்ளைக்கு என்ன விட்டுட்டுப் போறோம்னு அவர் முடிவு பண்ண முடியாது.

இந்தியாவுல இந்து சட்டப்படி மதம் மாறினவரோ சாதியை விட்டு விலக்கப்பட்டவரோ வாரிசுரிமையை இழக்கற நிலைமை இருந்துச்சு. 1850-ல வந்த சாதித் தகுதியின்மை நீக்கச் சட்டம், மதத்தை விட்டதாலயோ சாதி விலக்கு ஆனதாலயோ யாருடைய சொத்துரிமையும் வாரிசுரிமையும் போகாதுன்னு சொல்லுச்சு. அதுக்கு அப்ப எதிர்ப்பு பலமா இருந்துச்சு, மிஷனரிகளுக்கு வசதி பண்ணிக் கொடுக்கறாங்கன்னு. அதுக்கப்புறம் வந்த 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 26-வது பிரிவைப் பாருங்க, மதம் மாறினவருக்கு, மாறினதுக்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களும் அவங்க வழியில வர்றவங்களும் வாரிசுரிமை வர்ற நேரத்துல இந்துவா இல்லைன்னா இந்து உறவினரோட சொத்துல பங்கு கேக்க முடியாது. 1955 இந்து திருமணச் சட்டத்துல கணவனோ மனைவியோ வேற மதத்துக்கு மாறிட்டா அது மத்தவர் விவாகரத்து கேக்க ஒரு காரணம். இதையெல்லாம் 381-ம் வருஷத்துச் சட்டத்தோட சமமா வைக்கல, மதத்துக்கு மதம் வேற குடும்பச் சட்டம் வச்சிருக்கற தனிச் சட்டம்னு ஒரு அமைப்பு இருந்தா இந்தக் கேள்வி வராம இருக்காதுன்னு காட்டத்தான் சொல்றேன். மதத்தை விட்டா குடும்பச் சட்டத்துல என்ன ஆகும்னு எந்த நாட்டைப் பத்திப் படிச்சாலும் கேளுங்க.

எகிப்துல நஸ்ர் அபூ ஸைத் கேஸ் இதுக்கு சரியான உதாரணம். அவர் கெய்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர், குர்ஆனை மொழியியல் முறையில ஆராய்ச்சி பண்ணினவரு, கடைசி வரைக்கும் தன்னை முஸ்லிம்னுதான் சொன்னாரு. எகிப்து குற்றவியல் சட்டத்துல மதம் விடறதுக்கு தண்டனையே கிடையாது. அதனால எதிர்த்தவங்க குடும்பக் கோர்ட்டுக்குப் போனாங்க: இவர் மதத்தை விட்டுட்டாரு, முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரோட மனைவியா இருக்க முடியாது, அதனால கல்யாணத்தை ரத்து பண்ணுங்க. 1995-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியே தீர்ப்பு கொடுத்துச்சு. புருஷனும் பொண்டாட்டியும் பிரிய மாட்டோம்னு சொல்லியும் கேக்கல. ரெண்டு பேரும் நெதர்லாந்துக்குப் போக வேண்டியதாப் போச்சு.

ஒதுக்கி வைக்கறதும் தண்டனைதான். 1656 ஜூலை 27-ல ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் பின்னாடி பெரிய தத்துவவாதியான இருபத்திமூணு வயசு ஸ்பினோசாவை விலக்கி வச்சப்போ அந்த உத்தரவுல என்ன இருந்துச்சு தெரியுமா, யாரும் அவரோட பேசக் கூடாது, எழுத்துத் தொடர்பு கூடாது, ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது, நாலு முழம் தூரத்துக்குள்ள போகக் கூடாது, அவர் எழுதின எதையும் படிக்கக் கூடாது. அந்த சமூகமே ஸ்பெயின், போர்ச்சுகல் இன்குவிசிஷன்ல இருந்து தப்பி வந்தவங்களோட சமூகம். எவ்வளவு வேதனையான விஷயம் பாருங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அந்த ஊர்ல அரசாங்கத்தோட கத்தி அந்த உத்தரவுக்குப் பின்னாடி நிக்கல, ஸ்பினோசா வெளிய போய் கண்ணாடி வில்லை தேச்சுக்கிட்டு எழுதிக்கிட்டு வாழ முடிஞ்சது.

யாருக்கு லாபம்னு கேளுங்க

இன்குவிசிஷனைப் பத்தி படிக்கறப்போ முதல்ல மனசுல வைக்க வேண்டியது, ஸ்பெயின்ல 1478-ல தொடங்கின அந்த அமைப்புக்கு ஞானஸ்நானம் வாங்கினவங்க மேல மட்டும்தான் அதிகாரம். யூதரா இருக்கற யூதரை அது நேரடியா தொட முடியாது, யூதர்களுக்கு எதிரான 1391 கலவரங்களுக்கு அப்புறம் பயந்து கிறிஸ்தவரா மாறின குடும்பங்கள், அவங்க பேரப்பிள்ளைங்க, இவங்கதான் இலக்கு. முதல்ல கருணைக் காலம்னு 30, 40 நாள் கொடுப்பாங்க, தானா வந்து ஒத்துக்கிட்டா லேசான தண்டனை, ஆனா தெரிஞ்ச மத்தவங்க பேரையும் சொல்லணும். அப்புறம் சர்ச்சுல ஒரு அறிவிப்பு வாசிப்பாங்க, எதைப் பாத்தா புகார் கொடுக்கணும்னு பட்டியல்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டைச் சுத்தம் பண்றது, சனிக்கிழமை சலவைச் சட்டை போடறது, அன்னைக்கு அடுப்பு மூட்டாம இருக்கறது, பன்றிக்கறி சாப்பிடாம இருக்கறது. அதாவது உங்க வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரர், கடன் பட்டவர் யார் வேணாலும் உங்க சட்டையைப் பாத்து உங்களைக் காட்டிக் கொடுக்கலாம். கைதான உடனே சொத்து முடக்கம், தீர்ப்பு எதிரா வந்தா பறிமுதல், அந்தப் பணம் ராஜாவுக்கும் இன்குவிசிஷன் செலவுக்கும் போகும். கோவாவுல போர்ச்சுகீசிய இன்குவிசிஷன் 1560-ல இருந்து நடுவுல சில வருஷம் நின்னு 1812 வரைக்கும் நடந்துச்சு, அங்கயும் முக்கிய இலக்கு மதம் மாறி வந்தவங்களோட பழைய பழக்கவழக்கம்தான்.

பணம் இல்லாத இடத்துல அரசியல் இருக்கும். சூடான்ல மஹ்மூத் முஹம்மத் தாஹா எழுபது வயசைத் தாண்டின இஸ்லாமிய சிந்தனையாளர். ஜனாதிபதி நிமெய்ரி 1983 செப்டம்பர்ல ஷரியா சட்டம்னு சிலதைக் கொண்டு வந்தப்போ இது இஸ்லாத்துக்கும் நாட்டுக்கும் கேடுன்னு ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டாரு. 1985 ஜனவரி ஆரம்பத்துல கைது பண்ணினாங்க, விசாரணை ரெண்டு மணி நேரம் கூட நடக்கல. கவனிங்க, அன்னைக்கு சூடான் தண்டனைச் சட்டத்துல மதம் விடறதுன்னு ஒரு குற்றமே எழுதப்படல, மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதைக் கொண்டு வந்து சேத்துச்சு. ஜனவரி 18-ல கார்ட்டூம்ல தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் முடியறதுக்குள்ள, ஏப்ரல் 6-ல நிமெய்ரி ஆட்சியே கவிழ்ந்துச்சு, 1986-ல சூடான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லாதுன்னு சொல்லுச்சு. இந்தத் தேதிகளை வரிசையா வச்சுப் பாத்தாலே அது மதக் கேஸா அரசியல் கேஸான்னு புரிஞ்சிடும்.

சகிப்புச் சட்டங்களைக் கடைசி வரி வரைக்கும் படிங்க

பேரை வச்சு நம்பாதீங்க. அமெரிக்காவுல மேரிலாண்ட் காலனி 1649-ல ஒரு மதச் சகிப்புச் சட்டம் போட்டாங்க, பள்ளிக்கூடத்துல எல்லாம் பெருமையா சொல்லிக் கொடுப்பாங்க. பக்கத்து மதப்பிரிவுக்காரரை திட்டற வார்த்தை சொல்லிக் கூப்பிட்டா பத்து ஷில்லிங் அபராதம்னு கூட அதுல இருக்கு, நிஜமாவே நல்ல விஷயம். அதே சட்டத்துல, திரித்துவத்தை மறுத்தா மரண தண்டனை, சொத்து பறிமுதல். இங்கிலாந்துல 1689 சகிப்புச் சட்டத்துல கத்தோலிக்கருக்கும் திரித்துவத்தை மறுக்கறவங்களுக்கும் இடமே இல்ல. சகிப்புத்தன்மைக்காக எழுதினவர்னு கொண்டாடப்படற ஜான் லாக் கூட நாத்திகரைச் சகிக்க வேண்டாம்னுதான் எழுதினாரு, கடவுள் இல்லைங்கறவரோட சத்தியத்தை நம்ப முடியாதுங்கறது அவர் வாதம்.

அந்தச் சட்டம் எவ்வளவு நாள் தாங்குச்சுன்னும் பாருங்க. பிரான்ஸ்ல 1598-ல நான்ட் ஆணை புராட்டஸ்டன்ட்களுக்கு இடம் கொடுத்துச்சு, 1685-ல பதினாலாம் லூயி ரத்து பண்ணிட்டாரு, சுமார் ரெண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினாங்க, ஓடறப்போ பிடிபட்ட ஆம்பளைங்களைக் கப்பல்ல துடுப்பு போட அனுப்பினாங்க. அக்பர் 1564-ல முஸ்லிம் அல்லாதவங்க கட்டின ஜிஸ்யா வரியை நீக்கினாரு, கட்டாயமா முஸ்லிமாக்கப்பட்ட இந்து விரும்பினா தன் பழைய மதத்துக்கே போகலாம்னு அவர் உத்தரவு போட்டதா அவரைப் பிடிக்காத வரலாற்றாசிரியர் பதாயுனியே எழுதி வச்சிருக்காரு, பிடிக்காதவர் எழுதினதால அதுக்கு மதிப்பு கூடுது. ஔரங்கசீப் 1679-ல ஜிஸ்யாவைத் திரும்பக் கொண்டு வந்தாரு. ராஜாவோட மனசை நம்பி இருக்கற சகிப்புத்தன்மை ராஜா மாறினா மாறிடும்.

எழுதினவர் எப்ப எழுதினாருன்னு பாருங்க

நமக்கு நல்லா தெரிஞ்ச ஒரு கதையில இதைப் பழகலாம். அப்பர் சைவக் குடும்பத்துல பொறந்து, சமணத்துல சேர்ந்து தருமசேனர்னு பேர் வாங்கி, சூலை நோய் தீர்ந்து சைவத்துக்குத் திரும்பினாரு. சமணத்தை விட்டதுக்காக பல்லவ ராஜா அவரைச் சுண்ணாம்புக் காளவாயில போட்டாரு, விஷம் கொடுத்தாரு, யானையை விட்டாரு, கல்லோட கட்டிக் கடல்ல தள்ளினாருன்னு பெரியபுராணம் சொல்லுது. மதத்தை விட்டவருக்கான தண்டனைக் கதை தமிழ்லயே இவ்வளவு விரிவா இருக்கு. ஆனா அப்பர் 7-ம் நூற்றாண்டு, சேக்கிழார் 12-ம் நூற்றாண்டு, நடுவுல ஐநூறு வருஷம். அதே மாதிரி மதுரையில எண்ணாயிரம் சமணரைக் கழுவேத்தின கதையும் சைவ இலக்கியத்துல இருந்துதான் வருது, அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் அதைச் சொல்லல, அதுக்குப் பின்னாடி 8-ம் நூற்றாண்டுலயும் பாண்டிய நாட்டுல கழுகுமலையில சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் செழிப்பா இருந்திருக்கு. அதுக்காக சண்டையே நடக்கலன்னு சொல்ல முடியாது. போட்டியும் கசப்பும் தேவாரப் பாட்டுலயே தெரியுது. ஒரு சமூகம் தன் வெற்றியைச் சொல்ல இப்படி ஒரு தண்டனைக் கதையை ஏன் விரும்புச்சுங்கற கேள்வியையும் சேத்துக் கேளுங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு, பெருமைக்காக எழுதின ராஜாங்கப் பதிவு. 782-ல வெர்டன்ங்கற இடத்துல பிராங்கியக் கிறிஸ்தவ ராஜா சார்லமேன், கிறிஸ்தவரா மாறாத ஜெர்மானிய இனமான சாக்சன்கள்ல 4,500 பேரை ஒரே நாள்ல வெட்டினதா அவரோட அரசவைப் பதிவே சொல்லுது, எண்ணிக்கையைப் பத்தி சந்தேகப்படற அறிஞர்கள் உண்டு. அதுக்கப்புறம் வந்த அவரோட சட்டத்துல ஞானஸ்நானத்தை மறுத்து ஒளிஞ்சுக்கிட்டா மரண தண்டனை. இங்க எண்ணிக்கையை விட சட்ட வாசகம் உறுதியான ஆதாரம்.

அந்தக் காலம் அப்படித்தான்னு விட்டுடாதீங்க

இந்த சமாதானத்தை எல்லா மதத்துக்காரங்களும் சொல்வாங்க. அதுக்குப் பதில் அந்தக் காலத்துலயே இருக்கு. சார்லமேனோட சொந்த ஆலோசகர் அல்குயின், நம்பிக்கை மனசு ஒப்பி வர்ற விஷயம், ஒருத்தரை ஞானஸ்நானத்துக்குத் தள்ளலாம், நம்பிக்கைக்குத் தள்ள முடியாதுன்னு அன்னைக்கே கடிதம் எழுதினாரு. செர்வேட்டஸ் எரிஞ்ச மறு வருஷமே புராட்டஸ்டன்ட் அறிஞர் கஸ்டெல்லியோ, ஒரு மனுஷனைக் கொன்னா அது கொள்கையைக் காப்பாத்தினது ஆகாது, மனுஷனைக் கொன்னது மட்டும்தான்னு எழுதினாரு, அது அச்சுல வர 1612 ஆச்சு. 12-ம் நூற்றாண்டுல ஸ்பெயின், வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல்மொஹத் முஸ்லிம் ஆட்சியில உசுருக்குப் பயந்து கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) சொன்ன யூதர்களை ஒரு ரப்பி (யூத மத குரு) மதத்துரோகின்னு சொன்னப்போ, யூத அறிஞர் மைமோனிடீஸ் அவங்க துரோகி இல்ல, நாக்கு மட்டும் சொன்னதுக்கு சாகச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை, முடிஞ்சா அந்த ஊரை விட்டுக் கிளம்புங்கன்னு எழுதினாரு. கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னாடியே அசோகர் தன்னோட 12-வது பாறைக் கல்வெட்டுல, பக்தி மிகுந்து தன் மதத்தைப் புகழ்ந்து அடுத்தவர் மதத்தை இகழறவர் தன் மதத்துக்கே தீங்கு பண்றாருன்னு செதுக்கி வச்சாரு. எந்த தண்டனையைப் பத்திப் படிச்சாலும் அதே காலத்துல, அதே மதத்துல எதிர்த்துப் பேசின குரலைத் தேடுங்க, பெரும்பாலும் கிடைக்கும்.

மதத்தை மட்டும் குற்றவாளியாக்கவும் வேண்டாம். ஜப்பான்ல 1614 தடைக்கு அப்புறம் கிறிஸ்தவத்தை விடாதவங்களுக்குத்தான் சித்திரவதை, நாகசாகியில ஏசு, மேரி உருவம் பொறிச்ச பலகையை மிதிக்கச் சொல்லி சோதிச்சாங்க, எல்லாக் குடும்பமும் ஒரு பௌத்தக் கோயில்ல பதிவு பண்ணிக்கணும், தடை 1873 வரைக்கும் நீடிச்சது. அல்பேனியா 1967-ல தன்னை நாத்திக நாடுன்னு அறிவிச்சு எல்லா வழிபாட்டு இடத்தையும் மூடுச்சு. வாசல் எந்தப் பக்கம் பூட்டியிருந்தாலும் உள்ள மாட்டினவர் ஒரே மாதிரி மனுஷன்தான்.

இன்னைய நிலைமைக்கு எங்க தொடங்கறது

1948 ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தோட 18-வது பிரிவை முதல்ல படிங்க, மதத்தை மாத்திக்கற உரிமைன்னு நேரடியா சொல்லுது. சவுதி அரேபியா வாக்கெடுப்புல கலந்துக்காம ஒதுங்குச்சு, பாகிஸ்தான் சார்புல வெளியுறவு அமைச்சர் ஸஃபருல்லா கான் அந்தப் பிரிவை ஆதரிச்சுப் பேசினாரு. அப்புறம் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 ஐ.நா. உடன்படிக்கையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, அங்க மாத்திக்கறதுங்கறதுக்குப் பதிலா விரும்பின மதத்தை வச்சுக்கவோ ஏத்துக்கவோ உரிமைன்னு மென்மையா எழுதினாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாட்டோட தண்டனைச் சட்டம், குடும்பச் சட்டம் ரெண்டையும் தனித்தனியா பாருங்க. சூடான் 1991 தண்டனைச் சட்டத்துல 126-வது பிரிவா மதம் விடறதுக்கு மரண தண்டனை எழுதுச்சு, 2020-ல அதை நீக்குச்சு.

இதை யாரோடயாவது பேசப் போறீங்கன்னா உங்க சொந்த மதத்தோட கேஸ்ல இருந்து ஆரம்பிங்க, நாத்திகரா இருந்தா அல்பேனியாவுல இருந்து ஆரம்பிங்க. அப்பதான் எதிர்ல இருக்கறவர் காது கொடுப்பாரு. அவர் குடும்பத்துல யாராவது மதம் மாறி வீட்டை விட்டுப் போயிருக்கலாம், போக முடியாம உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டும் இருக்கலாம், அதனால தீர்ப்பு சொல்ற தொனி வேண்டாம். ஒரு கேஸை எடுத்தா குற்றச்சாட்டு என்ன, எந்த சட்டப் பிரிவு, சொத்து யாருக்குப் போச்சு, யார் எதிர்த்தாங்க, யார் எத்தனை வருஷம் கழிச்சு இதை எழுதினாங்க, இந்த அஞ்சுக்கும் பதில் கிடைக்கற வரைக்கும் அடுத்த கேஸுக்குப் போகாதீங்க.